பில் இலக்கம் 0137

லீசிங் கம்பனியில் கடைசிச் சம்பளம் வாங்கி
நாற்பத்து மூன்று நாள்.
இனி நான் சுயமாக என்று
கஸ்தூரியார் வீதி வெயிலில் நின்று சொல்லிவிட்டேன்.
சுயம் என்பது இப்போது
ஒரு கதிரை, ஒரு லப்டொப்,
அனுப்பிய முப்பத்தெட்டுச் செய்திகளின் ஓரத்தில்
இரட்டை நீலச் சரிகள்.

பார்த்தார்கள். அவ்வளவுதான்.
ஒரு புடைவைக்கடைக்காரர் மட்டும்
ரோசாப்பூப் போட்ட காலை வணக்கம் அனுப்பினார்.
அதையும் முன்னேற்றம் என்று
கொப்பியில் குறித்தேன்.

அம்மா ஆட்களிடம் சொல்வது:
"பிள்ளை வீட்டில இருந்து வேலை செய்யுது."
அதில் முதற்பாதி உண்மை.

பிறகு பிரிஜ் நின்றது.
பாசையூரிலிருந்து றெஜினோல்ட் வந்தார்,
மோட்டார் சைக்கிளின் பின்னால்
காஸ் சிலிண்டரைப் பிள்ளைபோல இருத்திக் கட்டிக்கொண்டு.
இரண்டு மணித்தியாலம் நிலத்தில் கிடந்து
அதன் முதுகைத் திறந்து மூடினார்.
நாலாயிரத்து ஐந்நூறு.
எங்கள் கலண்டரில் நேற்றைக் கிழித்து
பின்பக்கத்தில் எழுதித் தந்தார்.
முன்பக்கத்தில் முடிந்துபோன இராகுகாலம்.

"பில் புத்தகம் இல்லையோ?"
"கொம்பனியை விட்டு வந்து ரெண்டு மாசம், தங்கச்சி.
அடிக்கவேணும். ஆர் செய்யினம் எண்டு தெரியேல்ல."

என் வாய் எனக்கு முன்னே ஓடியது.
"நான் செய்வன்."
"எவ்வளவு?"
மூவாயிரம் என்றேன்.
அவர் பேசவில்லை.
விழுந்த ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது தெரியாமல்
இரண்டாயிரத்து ஐந்நூறு என்றேன்.
"ஓம்."
அந்த ஓம் வந்த வேகத்துக்கு
ஐயாயிரம் சொல்லியிருக்கலாம் என்று
விடியும்வரை புரண்டேன்.

அவருக்குப் பென்குயின் வேண்டும்.
கீறினேன்.
"இது காகம் மாதிரிக் கிடக்கு."
திருத்தினேன்.
"சிரிக்கோணும். ஆனா
வேலை தெரிஞ்ச ஆள் சிரிக்கிற மாதிரி."
ஐந்தாவது பென்குயின் ஸ்பனர் பிடித்தது.
ஆறாவதற்குக் காலடியில் பனி கேட்டார்.
இரண்டு பேரும் கண்டிராத பனி.
மீன்பெட்டிக்கு நொறுக்கிப் போடும் ஐஸை
சந்தையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து கீறினேன்.
திருத்தங்களுக்கும் காசு கேட்கலாம் என்று
எனக்கு அப்போது தெரியாது.

கடைசியாய்க் குரலைத் தாழ்த்தினார்:
"நம்பர் ஒண்டில தொடங்காதேங்கோ.
ஐநூற்றி ஒண்டு எண்டு போடுங்கோ.
முதல் பில் தங்களுக்குத்தான் எண்டு தெரிஞ்சா
சனம் பயப்பிடும்."

அதை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு
என் பில்லை அடிக்க இருந்தேன்.
0001.
வெறுங்காலோடு வாசலில் நிற்பதுபோல இருந்தது.
அழித்தேன்.
0100 என்றால் பொய் என்று பார்த்ததும் தெரியும்.
0137.

கம்பிரசரின் இலக்கத்தை வாசிப்பதுபோல
மெதுவாக வாசித்தார்.
"மற்ற நூற்றி முப்பத்தாறு பேரும்
காசு தந்திட்டினமோ?"
எனக்கு முகம் சுட்டது.
அவர்தான் முதலில் சிரித்தார்.
ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்று, ஐந்நூறு ஒன்று.
மிச்சம் திங்கட்கிழமை.

மூன்று திங்கள் போய்விட்டன.
அண்ணா என்று அடிக்கிறேன், அழிக்கிறேன்.
அண்ணா, சுகமோ என்று அடிக்கிறேன்,
அதையும் அழிக்கிறேன்.
குசினியில் பிரிஜ் மட்டும்
வாக்குத் தவறாமல் உறுமுகிறது.

போன்.
தெரியாத இலக்கம். சுன்னாகம், தண்ணி மோட்டர்க் கடை.
"நீங்களோ அந்தப் பென்குயின் கீறின ஆள்?
றெஜியின்ர பில்லில கண்டனான்.
எங்களுக்கு ஒரு யானை வேணும்,
தும்பிக்கையால தண்ணி இறைக்கிற மாதிரி.
எவ்வளவு எடுப்பியள்?"

ஐயாயிரம் என்கிறேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை.
எங்கோ ஒரு மோட்டர் ஓடுகிறது, நிற்கிறது.
பல்லைக் கடித்து
வாயைப் பொத்திக்கொண்டு எண்ணுகிறேன்:
நாலு, ஐந்து,
ஆறு